தாம்பரம் டூ கேதார்கந்தா: பனிமலை ட்ரெக்கிங்குக்கு ஃபிட்னஸ் மட்டும் போதுமா?

மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டும் ஊர் தாம்பரம். ஆனால் டிசம்பர், ஜனவரி வந்தால் தாம்பரம், குரோம்பேட்டை பக்கமிருந்தும் பையை மாட்டிக்கொண்டு உத்தராகண்ட் கிளம்புகிறவர்கள் உண்டு. முதல்முறை போகிறவர்கள் அதிகம் கேட்கும் பெயர் கேதார்கந்தா.

உத்தரகாசி மாவட்டத்தில் உள்ள இந்தச் சிகரத்தின் உயரம் சுமார் 3,800 மீட்டர். சாங்க்ரி கிராமத்தில் தொடங்கி, பனியில் டென்ட் போட்டுத் தங்கி, ஏறி இறங்க நான்கைந்து நாள் ஆகும். 'ஈஸி ட்ரெக்' என்பார்கள். சிக்கல் அங்கேதான்.

உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், தாம்பரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இதன் அறிகுறிகள். தினமும் ஜிம் போகிறவருக்கும் வரும். சொல்லப்போனால், ஃபிட்டாக இருப்பவர் வேகமாக ஏறிவிடுவதே ஆபத்து.

3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். தலைவலி இருந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், ராத்திரியானாலும். 'இவ்வளவு காசு கட்டிட்டு வந்தோமே' என்று கைடிடம் மறைப்பதுதான் உயிருக்கு வினை. அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

அடுத்தது குளிர். காட்டன் டி-ஷர்ட் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உடல் சூட்டை இழுத்துவிடும். கம்பளி அல்லது பாலியஸ்டர் நல்லது. இறுகிய பனியில் வழுக்காமல் இருக்க ஷூவில் மைக்ரோஸ்பைக்ஸ் மாட்டுவார்கள். கால் புதையும் புதுப்பனி என்றால் அகலமான ஸ்னோஷூ தேவை. குளிருக்குப் பயந்து மூடிய டென்ட்டுக்குள் அடுப்பு பற்றவைத்தால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

பனிக்காலம் இல்லையென்றாலும் மலை மலைதான். 2024 ஜூனில், இதே மாவட்டத்தின் சகஸ்திரதால் ட்ரெக்கில் பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தனர். பெரும்பாலும் கர்நாடகத்தினர் இருந்த 22 பேர் குழு அது.

பயிற்சிக்குத் தொலைதூரம் போக வேண்டாம். பரங்கிமலைப் படிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. திருக்கழுக்குன்றத்தில் 500-க்கும் மேற்பட்ட படிகள். முதுகில் பையோடு ஏறினால் காலும் மூச்சும் பழகும். உயரத்துக்கு உடம்பு பழகுவதென்னவோ மலையில்தான். அதனால் டிக்கெட் போடும்போதே ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.