நடைபாதையில் படுத்தவரின் பெயர் யாருக்குச் சொந்தம்?

லண்டன் தர்ம ஸ்தாபனங்களை உலுக்கிய கேள்வி

நள்ளிரவு. லண்டன் மாநகரில் கடைகள் மூடிக் கிடக்கின்றன. ஒரு கடை வாசலில் அட்டையை விரித்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒருவர் படுத்திருக்கிறார்.

இரண்டு பேர் அவர் பக்கத்தில் வந்து குனிகிறார்கள். அவர்கள் போலீசார் அல்ல. வீடு இல்லாதவர்களுக்கு உதவும் தர்ம ஸ்தாபனத்தின் ஊழியர்கள்.

"உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்? உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?"

படுத்திருப்பவர் உடனே பதில் சொல்வதில்லை. யோசிக்கிறார்.

பெயரைச் சொல்ல என்ன யோசனை? இருக்கிறது! பெயரைச் சொன்னால்தான் படுக்கை கிடைக்கும். அதே பெயரால் அவருக்கு ஆபத்தும் வரலாம். லண்டனில் அப்படி நடந்தே இருக்கிறது.

சங்கிலி என்று ஒரு பதிவேடு

லண்டனில் தெருவில் படுப்பவர்களுக்கென்று ஒரு பெரிய பதிவேடு உண்டு. அதன் பெயர் 'செயின்'. நீளமான ஓர் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து இப்படி வைத்தார்கள். செயின் என்றால் சங்கிலி. பொருத்தமான பெயர்தான்!

பதிவேடு என்றால் காகிதக் கட்டு அல்ல. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இதற்குப் பணம் கொடுப்பது லண்டன் பெருநகர நிர்வாகம். பராமரித்து வந்தது 'செயின்ட் முங்கோஸ்' என்ற தர்ம ஸ்தாபனம். 1969-ம் ஆண்டு தொடங்கப்பட்ட பழைய ஸ்தாபனம் அது.

பதிவேட்டில் இடம் பிடிப்பது அவ்வளவு சுலபம் அல்ல. ஒருவர் தெருவில் படுத்திருப்பதையோ, படுக்கப் போவதையோ ஊழியர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். பகலில் ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதாது. "நான் தெருவில்தான் தூங்குகிறேன்" என்று வாயால் சொன்னாலும் போதாது. பல விடுதிகளில் இந்தப் பதிவு இருந்தால்தான் இடம் கிடைக்கும்.

2024-25-ம் ஆண்டில் மட்டும் இப்படிக் கண்ணால் பார்த்து எழுதப்பட்டவர்கள் 13,231 பேர்.

பெயர், பிறந்த தேதி, எந்த நாட்டுக்காரர், என்ன நோய், குடிப்பழக்கம் உண்டா, சிறைக்குப் போனவரா... வீடு உள்ள மனிதன் பக்கத்து வீட்டுக்காரனிடம் கூடச் சொல்ல மாட்டான். வீடு இல்லாதவனோ முன்பின் தெரியாதவரிடம், நடுத்தெருவில், நடுராத்திரியில் சொல்ல வேண்டும்!

ஆனால் ஊழியர்கள் வம்புக்காகக் கேட்கவில்லை. வலிப்பு நோய் உள்ளவரை மாடிக் கட்டிலில் படுக்க வைக்கக் கூடாது. முன்பு அடித்துக்கொண்ட இரண்டு பேரை ஒரே அறையில் போடக் கூடாது. நேற்று ஒரு ஊழியரிடம் சொன்ன துயரக் கதையை இன்று இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்லும் வேதனையும் வேண்டாம். எழுதி வைத்தால்தான் இதெல்லாம் முடியும்.

வரைபடம் போன இடம்

வினை தொடங்கியது 2016-ல்.

அப்போது பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் இருந்தது. (2020-ல் விலகிவிட்டது.) போலந்து, லாட்வியா, ருமேனியா போன்ற நாட்டு மக்கள் பிரிட்டனுக்கு வந்து வேலை செய்யலாம். வந்தவர்களில் சிலர் வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்தார்கள்.

பிரிட்டிஷ் உள்நாட்டு இலாகா ஒரு புது வழி கண்டுபிடித்தது. "தெருவில் படுப்பதே, வந்து வாழும் உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான். அப்படிப்பட்டவரை நாடு கடத்தலாம்" என்றது! அவர் திருடியிருக்க வேண்டாம். சண்டை போட்டிருக்க வேண்டாம். படுத்திருந்தால் போதும்.

சரி, யார் எங்கே படுத்திருக்கிறார் என்று அதிகாரிகளுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தவர்கள் தர்ம ஸ்தாபனத்தார்தான். தெருத் தெருவாகப் போய், பேர் பேராக விசாரித்தவர்கள் அவர்கள்தானே!

2017 ஆகஸ்டில் 'அப்சர்வர்' பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. எந்த நாட்டுக்காரர்கள் எந்தப் பகுதியில் படுக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் உள்நாட்டு இலாகாவின் கைக்குப் போயிருந்தது. வரைபடத்தில் ஒருவர் பெயரும் இல்லை. ஆனால் ராத்திரியில் தேடிப் போகும் அதிகாரிக்குப் பெயர் எதற்கு? தெரு தெரிந்தால் போதாதா?

விவரம் எங்கிருந்து வந்தது? சங்கிலிப் பதிவேட்டிலிருந்து.

இன்னொரு செய்தி அதைவிட மோசம். குடியேற்ற அதிகாரிகளும் தர்ம ஸ்தாபன ஊழியர்களும் சில இரவுகளில் ஒன்றாகவே சுற்றினார்கள். கம்பளி கொடுக்க வந்தவர் யார், கைது செய்ய வந்தவர் யார் என்று படுத்திருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கோர்ட்டில் வழக்கு

போலந்துக்காரர் இருவரும் லாட்வியாக்காரர் ஒருவரும் துணிந்து கோர்ட்டுக்குப் போனார்கள். மூவருமே தெருவில் படுத்தவர்கள். ஏழை எளியவர்களுக்காக வாதாடும் வக்கீல்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள்.

1917-ம் ஆண்டிலும் அல்ல, 1817-லும் அல்ல, 2017 டிசம்பர் 14-ந் தேதி லண்டன் ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தெருவில் படுத்தார் என்பதற்காக ஒருவரை நாடு கடத்தும் கொள்கை சட்டவிரோதமானது என்று பெண் நீதிபதி லாங் கூறினார். கொள்கை கைவிடப்பட்டது.

தர்ம ஸ்தாபனத்தின் கதை அத்துடன் முடியவில்லை. சம்மதம் இல்லாமல் யாருடைய விவரத்தையும் கொடுப்பதில்லை என்று செயின்ட் முங்கோஸ் சொல்லி வந்தது. பிறகு தன் பழைய நடவடிக்கைகளைத் தானே ஆராய்ந்தது. தன் தெருக் குழுக்களில் சில, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமலே அதிகாரிகளுக்கு விவரம் கொடுத்தது உண்டு என்று 2019-ல் ஒப்புக்கொண்டது.

ஏன் கொடுத்தார்கள்? கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. "தெருவில் கிடந்து சாவதைவிடச் சொந்த ஊருக்குப் போவது மேல்" என்று மனதார நினைத்த ஊழியர்கள் இருந்தார்கள். சம்பளத்துக்கான பணம் நகராட்சிகளிடமிருந்தும் பெருநகர நிர்வாகத்திடமிருந்தும் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. படி அளப்பவர் கேட்டால் மறுப்பது கஷ்டம். ஆனால் போவதா, இருப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவர் படுத்திருந்தவர் அல்லவா? அவரை யாரும் கேட்கவில்லை.

விளைவு என்ன? பலர் ஊழியர்களைக் கண்டாலே ஒளிந்துகொள்ளத் தொடங்கினார்கள். உதவியே வேண்டாம் என்று இருட்டுக்குள் போனார்கள்.

தாய் தேடி வந்தாலும்...

இப்போது விடுதிகளில் கட்டுப்பாடு அதிகம். 2018 மே 25-ந் தேதி ஐரோப்பிய யூனியன் முழுவதும் கடுமையான தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. பிரிட்டன் யூனியனை விட்டு விலகினாலும் அந்தச் சட்டத்தைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. நோய், இனம், மதம் பற்றிய விவரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. விவரம் திருடு போய், அதனால் யாருக்காவது கேடு வரலாம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்குச் சொல்ல வேண்டும்.

சட்டத்தைப் படிப்பது எளிது. நடத்துவதுதான் கஷ்டம். டெலிபோன் மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"என் மகன் அங்கே இருக்கிறானா? இரண்டு வருஷமாகத் தேடுகிறேன்" என்று ஒரு தாய் அழுகிறாள். மகன் அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஊழியர் என்ன சொல்வார்?

"இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது அம்மா. இல்லை என்றும் சொல்ல முடியாது. உங்கள் நம்பரைக் கொடுங்கள். அப்படி ஒருவர் இங்கே இருந்தால் சேர்ப்பிக்கிறோம்."

கல் நெஞ்சமா? இல்லை. அழுகிற குரல் தாயுடையதுதான் என்பதற்கு என்ன சாட்சி? மகன் வீட்டை விட்டு ஏன் ஓடினான் என்பது யாருக்குத் தெரியும்? காணாமல் போனவர்களைத் தேடித் தரும் சால்வேஷன் ஆர்மியும் 1885 முதல் அந்தப் பணியைச் செய்கிறது. ஆளைக் கண்டுபிடித்தாலும், அவர் சம்மதித்தால்தான் முகவரியைக் குடும்பத்துக்குக் கொடுக்கும்.

கணவனின் அடி தாங்காமல் ஓடி வந்த பெண்களின் விடுதியில் கண்டிப்பு இன்னும் அதிகம். இந்த விஷயத்தில் அமெரிக்காவில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அங்கே வீடற்றோர் விடுதிகள் ஊருக்கு ஊர் பொதுவான கம்ப்யூட்டர் பதிவேட்டில் விவரம் சேர்க்கின்றன. ஆனால் அடிபட்ட பெண்களின் விடுதி, அவர்களின் அடையாளத்தை அதில் சேர்க்கவே கூடாது என்று 2005-ம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. பதிவேட்டைத் திறக்கும் உரிமை பல பேருக்கு உண்டு. அவர்களில் ஒருவர் அந்தக் கணவனின் சிநேகிதராக இருந்தால்?

எதையும் எப்போதும் மறைப்பார்கள் என்பதும் இல்லை. குழந்தைக்கு ஆபத்து என்றால், உயிருக்கு ஆபத்து என்றால், கோர்ட்டு உத்தரவிட்டால் வாய் திறந்தே ஆக வேண்டும். நல்ல விடுதியில் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுகிறார்கள். வேற்று மொழிக்காரருக்கு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுகிறார்கள். அச்சடித்த காகிதத்தை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடு" என்பது சம்மதம் ஆகாது. குளிரில் நடுங்குகிறவன் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டான்?

தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும் உரிமையும் அவருக்கு உண்டு. கேட்டால் சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் பிரதி கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. தவறாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லலாம்.

வீடு இல்லாதவருக்கு எந்த முகவரிக்கு அனுப்புவார்கள்? அதற்கும் வழி இருக்கிறது. வீடற்றவர்கள் பகலில் வந்து குளித்து, சாப்பிட்டுப் போகும் நிலையங்களில் சில, அவர்களுக்கு வரும் தபாலையும் வாங்கி வைக்கின்றன. உறை பிரிக்கப்படாமல் அங்கே காத்திருக்கும்.