யாருடைய ஆள்? நிறுவனத்துக்குள் ஆய்வாளர்

1

அருவங்காடு ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கும் எவருக்கும் அந்த ஊர் ஒரு வேலியால் இரண்டாகப் பிரிந்து கிடப்பது தெரியும். வேலிக்கு வெளியே கடைகள், வீடுகள், தேயிலைச் சரிவுகள். உள்ளே கார்டைட் தொழிற்சாலை. 1903இல் நிறுவப்பட்டு 1904 முதல் குண்டை உந்தித் தள்ளும் வெடிமருந்தைச் செய்து வருவது. தீப்பெட்டியோடு அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது. கேமராவோடு முடியாது. 1923ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டம் இத்தகைய இடங்களைத் தடைசெய்யப்பட்டவை என்கிறது. ஆகவே நோட்டுப் புத்தகத்தோடும் முடியாது.

கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடையில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எப்படி இருந்தது என்ற சாதாரணக் கேள்விதான். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அது இருக்கட்டும் தம்பி, நீங்க யாரோட ஆளு? மேனேஜ்மெண்டா, யூனியனா, பேப்பரா?" மூன்றும் இல்லை என்றேன். "அப்படி ஒருத்தர் எப்படிங்க இருக்க முடியும்?" என்று சிரித்தார்.

அவரது சிரிப்பில் நியாயம் இருக்கிறது. நிறுவனம் என்பதே இடங்களின் அடுக்கு. மேலாள், கீழாள், நிரந்தரம், தற்காலிகம், சங்கத்தான், சங்கத்தில் சேராதவன் என்று அதற்குள் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. இடமில்லாத ஒருவர் அங்கு இருக்க முடியாது. நமது ஆய்வு முறையியல் நூல்கள் பங்கேற்று நோக்கல், நடுநிலை, நம்பிக்கையைப் பெறுதல் என்றெல்லாம் பேசுகின்றன. ஆனால் ஆய்வாளர் தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. நிறுவனம்தான் அவருக்கு ஓர் இடத்தை ஒதுக்குகிறது. அந்த இடத்திலிருந்து எது தெரியுமோ அதைத்தான் அவர் பார்க்கிறார். அவரிடம் எதைச் சொல்லலாமோ அதைத்தான் மற்றவர்கள் சொல்கிறார்கள். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீலகிரி ஆய்வாளர்களுக்குப் பழகிய மலை. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோடர்களிடையே சில மாதங்கள் தங்கி, வம்சாவளிகளைக் கேட்டெழுதி, 1906இல் தோடர்கள் பற்றிய தமது பெரும் நூலை வெளியிட்டார். முப்பதுகளில் தோடர், கோத்தர் மொழிகளைத் தேடி எமனோ வந்தார். கோத்தர்களைத் தேடி மாண்டல்பாம் வந்தார். ரிவர்ஸ் மந்துகளில் கேட்டெழுதியதற்கும் அருவங்காட்டில் ஆலை எழுந்ததற்கும் இடையே ஓரிரு ஆண்டுகள்தான். யாருக்கு யார் மாமன் என்பது முதல் எருமைகளின் சடங்குகள் வரை அச்சேறின. ஆலைக்குள் அப்படி உட்கார்ந்து கேட்டெழுத ஒருவருக்கு வழி இருந்திருக்காது. மந்துக்குப் போகும் வெள்ளை அறிஞரிடம் அனுமதிச் சீட்டு கேட்பார் இல்லை. 'களம்' என்று நாம் கூச்சமின்றிப் புழங்கும் சொல்லுக்குள் இந்த ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. கதவைச் சாத்த இயலாதவர்களே பெரும்பாலும் களமாகியிருக்கிறார்கள். நிறுவனத்தால் கதவைச் சாத்த முடியும். ஆகவே அதற்குள் போய்வந்த ஆய்வைப் படிக்கும்போது முதல் கேள்வி, கதவைத் திறந்துவிட்டது யார் என்பதாக இருக்க வேண்டும்.

2

நிர்வாகம் கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஹாதோர்ன் ஆய்வுகளே மூல உதாரணம். சிகாகோவை ஒட்டிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில் 1924இல் விளக்கு வெளிச்சத்துக்கும் உற்பத்திக்குமான தொடர்பைப் பார்க்கத் தொடங்கி, 1932 வரை நீண்டவை. தொலைபேசி உறுப்புகளைக் கோக்கும் ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்து 1927 முதல் கவனித்தார்கள். கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே அவர்களின் உற்பத்தியைக் கூட்டியது என்று மேலாண்மைப் பாடநூல்கள் இன்றும் சொல்கின்றன. அந்த ஐவரில் இருவர், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று 1928 ஜனவரியில் அறையிலிருந்து வெளியேற்றப்பட்டு வேறு இருவர் கொண்டுவரப்பட்டதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பேசியவர்களை நீக்கிவிட்டுத்தான் மனித உறவுகளைக் கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு அறை 14 ஆண்கள் வேலை செய்தது. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை ஆய்வாளர் ஒருவர் அந்த அறைக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை போதும் என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்ததை அவர் பார்த்தார். அளவை மீறி உழைப்பவனும் கூடாது, மிகக் குறைத்துச் செய்பவனும் கூடாது, மேலே போய்ச் சொல்பவனும் கூடாது என்பது அவர்களது எழுதப்படாத சட்டம். எழுதப்படாத அந்தச் சட்டத்தை ஆய்வாளர் எழுதினார். மேலே போய்ச் சொல்லக்கூடாது என்ற விதி, ஆய்வறிக்கையின் வழியாக மேலே போய்ச் சேர்ந்தது. அந்த ஆய்வாளர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. அவருக்கு ஒதுக்கப்பட்ட நாற்காலி அப்படிப்பட்டது.

இதே ஆலையில் 21,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் நடத்தினார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடு போனவர்கள், பிறகு அதைக் கைவிட்டு, அவர்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். களஆய்வு முறையில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் 1936 முதல் அந்தக் 'கேட்டல்' தொழிலாளரின் மனக்குறையை ஆற்றும் ஆலோசனைத் திட்டமாகிவிட்டது. குறையைக் கொட்டித் தீர்க்க ஒரு காது கிடைத்தது. கூலியும் வேகமும் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்வது பற்றி ஃபூக்கோவை வைத்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்த உற்பத்தி கண்ணெதிரே நடந்த இடம் இது.

இந்தியாவிலும் நடந்தது. லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத்தின் காலிகோ ஆலைக்குள் சாராபாய் குடும்ப நிர்வாகத்தின் அழைப்பில் வந்தார். தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த பலன் இல்லை. வேலை துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்ததே கோளாறு என்று கண்டு, சிறு குழுக்கள் ஒரு தறித் தொகுதிக்கு முழுப் பொறுப்பேற்கலாம் என்று யோசனை சொன்னார். தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தாங்களாகவே குழுக்களாகச் சேர்ந்தார்கள். இந்த உற்சாகம் முக்கியமானது. ஆய்வாளரின் யோசனையில் தொழிலாளரின் ஆசையும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ரைஸின் சக ஆய்வாளர் எரிக் மில்லர் 1970இல் திரும்ப வந்து பார்த்தபோது பல இடங்களில் பழைய முறையே மீண்டிருந்தது. குழு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை குழுவிடம் இல்லாதபோது வேறென்ன நடக்கும்?

3

கதவு திறக்கக் காத்திராமல் கூலிக்கு வேலை செய்தபடியே ஆய்வு செய்தவர்கள் இன்னொரு வகை. டொனால்ட் ராய் 1944-45இல் சிகாகோவின் ஓர் இயந்திரப் பட்டறையில் துளைப்பு இயந்திரத்தில் நின்றார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1974இல், மைக்கேல் புராவாய் ஓர் என்ஜின் ஆலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அது ராய் நின்ற அதே பட்டறை என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. 1979இல் புராவாய் எழுதிய 'சம்மதத்தை உற்பத்தி செய்தல்' என்ற நூலின் பலம், கேள்வியைத் திருப்பிப் போட்டதில் இருக்கிறது. தொழிலாளர்கள் ஏன் இன்னும் கூடுதலாக உழைப்பதில்லை என்பது ஹாதோர்ன் வழிவந்த கேள்வி. இவ்வளவு தூரம் ஏன் உழைக்கிறார்கள் என்று கேட்டார் புராவாய். பீஸ் ரேட்டில் அளவை எட்டுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகியிருந்தது. விளையாடும்போது விளையாட்டின் விதிகளையும் ஒப்புக்கொண்டு விடுகிறோம். கிராம்சி பேசிய சம்மதம் பட்டறைத் தளத்தில் எப்படித் தயாராகிறது என்பதை, தானும் அந்த விளையாட்டில் சிக்கிக்கொண்டதால்தான் புராவாயால் எழுத முடிந்தது. 2025இல் அவர் மறைந்தபோது நம் பக்கத்தில் இது பற்றி ஒரு பேச்சாவது எழுந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வகைக்கு அருவங்காட்டிலிருந்து மலையிறங்கினால் போதும். கோவைப் பஞ்சாலைத் தொழிலாளர் மத்தியில் களப்பணி செய்த இ. ஏ. ராமசாமி, சங்கத்தையே களமாக எடுத்தார். 'தொழிலாளியும் அவனது சங்கமும்' என்ற பொருளில் அமைந்த அவரது ஆங்கில நூல் 1977இல் வந்தது. தலைவர்களின் அறிக்கைகளை வைத்துச் சங்கத்தைப் பார்ப்பதற்கும், ஆலை மட்டத்தில் உறுப்பினர் அதோடு கொண்டிருக்கும் உறவை வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை அந்த நூல் காட்டுகிறது. எம். என். சீனிவாஸ், ஏ. எம். ஷா ஆகியோரோடு சேர்ந்து அவர் 1979இல் பதிப்பித்த தொகுப்பில், இந்திய ஆய்வாளர்கள் தத்தம் களத்தில் பட்ட பாடுகளையே எழுதினார்கள். கண்டுபிடித்ததை மட்டும் சொல்லிவிட்டு, கண்டுபிடித்த கதையை மறைப்பது வழக்கமாக இருந்த துறையில் அது ஒரு நேர்மை.

நான்காவதாக, அங்கேயே பிறந்தவர்கள். கேரளத்துத் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த ஜெயசீலன் ராஜ், தோட்டங்களின் நெருக்கடி தலித் தொழிலாளர் வாழ்வை எப்படி உடைத்தது என்று 2022இல் நூல் எழுதினார். உள்ளூர்க்காரர் என்பதால் இவர்களுக்கு எல்லாக் கதவும் திறந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இன்னார் மகன் என்ற இடமும் ஓர் இடம்தான். அதற்கும் சொல்லக்கூடியவை, கூடாதவை உண்டு.

4

என் சொந்த அனுபவத்தைச் சொல்லாமல் இதை எழுதுவது முறையாகாது. எம்.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்த நாட்களில், ஓர் ஆய்வுத் திட்டத்துக்காகத் தேயிலை ஆலை ஒன்றில் கேள்வித்தாள் நிரப்பும் வேலைக்குப் போனேன். அனுமதிக் கடிதம் நிர்வாகத்துடையது. கூடவே ஆபீஸ் கிளார்க் ஒருவர் வந்தார். தூள் சலிக்கும் பிரிவில் இருந்த அக்கா ஒருவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவரே வந்து பேசினார். "அந்தாளு பக்கத்துல நிக்கயில என்னத்தச் சொல்றது தம்பி?" காலையில் 'சார்', மாலையில் 'தம்பி'. தமிழ் படித்தவன் என்பதால் இந்த விளிமாற்றம் எனக்கு உறைத்தது. ஒரே ஆளிடம் ஒரே நாளில் எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. மூக்கில் கட்டும் துணி இன்ஸ்பெக்ஷன் நாளில் மட்டும் வருவதையும், கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் இராத்திரி வேலை மணிக்கணக்கு குறைத்து எழுதப்படுவதையும் சொன்னார்.

அறிக்கையில் பெயரை மாற்றினேன். 'சலிப்புப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்யும், கணவரை இழந்த பெண்' என்று குறிப்பிட்டேன். அந்தப் பிரிவில் அப்படி இருந்தவர் அவர் ஒருவர்தான். அறிக்கையின் வரைவு முதலில் நிர்வாகத்துக்குப் போகும் என்பது அனுமதிக் கடிதத்தில் இருந்த நிபந்தனை. அந்தக் கடிதத்தை நான் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. சில மாதம் கழித்துப் போனபோது, முட்டிவலியோடு அவர் சரிவில் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தார். ஆலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். "உங்க மேல என்ன தம்பி தப்பு, நீங்க எழுதத்தான வந்தீங்க" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கிராமத்தில், தெருவில் பெயரை மாற்றினால் ஓரளவு மறைக்கலாம். நிறுவனத்தில் மனிதர்களை அடையாளம் காட்டுவது பெயரைவிட இடம். எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட், எத்தனை வருஷம் என்ற மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். ஆய்வுக்குச் சுவை சேர்க்கும் நுண்விவரங்களே ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களும். எதை விட்டுவிடுவது என்பது எழுத்து நயம் சார்ந்த முடிவு மட்டுமல்ல. ஒருவரின் கூலி சம்பந்தப்பட்டது.

5

அப்படியானால் உள்ளே போகவே கூடாதா? போகத்தான் வேண்டும். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு அதன் 41 தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. அருவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது. அதே ஆண்டில் பாதுகாப்புத் துறை உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடுக்க ஒரு சட்டமும் வந்தது. அரசு ஊழியராகச் சேர்ந்தவர் கம்பெனிக்கு அயல்பணியில் இருப்பவராகக் கருதப்பட்டார். இந்த மாற்றத்தின் கணக்குகளை ஆண்டறிக்கை சொல்லும். வேலை செய்பவரின் ஒரு நாள் எப்படி மாறியது, யாரிடம் பேச அஞ்சுகிறார், மகனிடம் இந்த வேலை பற்றி என்ன சொல்கிறார் என்பதை அறிக்கை சொல்லாது. வேலி இருக்கிறது என்பதற்காகக் கேட்பதை விட்டுவிட்டால், நிர்வாகத்தின் குரல் மட்டுமே ஆவணமாக மிஞ்சும்.

1880இல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஏறத்தாழ 100 கேள்விகள் தயாரித்தார். வேலைநேரம், காற்றோட்டம், விபத்து, கூலி என்று நீளும் பட்டியல். தம் நிலைமையை முழுதாக அறிந்தவர்கள் தொழிலாளர்களே, அவர்களே பதில் எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை. வந்த பதில்கள் மிகக் குறைவு. ஆனாலும் அதில் ஒரு முறையியல் இருக்கிறது. அங்கே தொழிலாளி வெறும் தகவலாளி இல்லை, விசாரணை செய்பவரும் அவரே.

இதிலிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டவை சில. கதவு எப்படித் திறந்தது, என்ன நிபந்தனையில் என்பதை ஆய்வின் முதல் பக்கத்திலேயே எழுதுவது. முதல் வாசகர் யார் என்று களத்துக்குப் போகும் முன்பே கேட்பது. சொன்னவரிடம் அவர் சொன்னதைத் திரும்ப வாசித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்பதை நீக்குவது. 'எல்லாம் நல்லாருக்கு' என்ற பதிலைப் பொய் என்று ஒதுக்காமல், அதைச் சொல்லவைத்தது எது என்று பார்ப்பது.

கடைசியாக ஒன்று நம்மைப் பற்றி. ஆலையின் கேட்டைப் பற்றிக் கோபமாக எழுதும் நமது சங்கங்கள், கட்சிகள், தொண்டு நிறுவனங்கள், இந்தச் சிற்றிதழ் உட்பட, தம்முள் ஒரு நோட்டுப் புத்தகத்தை அனுமதிக்குமா? கூட்டத்தில் யார் பேசுகிறார், யார் டீ கொண்டுவருகிறார், பிரிந்துபோனவர் பெயர் எந்த ஆண்டு மினிட்ஸிலிருந்து காணாமல் போகிறது என்று ஒருவர் கேட்டால், நாமும் 'நீ யாருடைய ஆள்' என்றுதானே கேட்போம்? அரசு இரகசியச் சட்டம் இல்லாமலே வேலி போடத் தெரிந்தவர்கள் நாம்.

டீக்கடைப் பெரியவரிடம் மறுபடி போனேன். யாரோட ஆள் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, ஆனால் எழுதினால் முதலில் உங்களிடம்தான் படித்துக் காட்டுவேன், நீங்கள் அடிக்கச் சொன்னதை அடித்துவிடுவேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மருந்து பத்தி ஒண்ணும் கேக்காதீங்க, அது சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, சேர்ந்த முதல் நாள் தன் அப்பா வாங்கிக் கொடுத்த செருப்பைப் பற்றி ஆரம்பித்தார்.