மாம்பூவில் தத்துவது எந்தப் பூச்சி?

தை மாதம் போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக்குள் நடந்தால், பூங்கொத்திலிருந்து தூறல் மாதிரி ஏதோ முகத்தில் தெறிக்கும். "தத்துப்பூச்சி வந்திருச்சு, மருந்தடிச்சிடணும்" என்பார்கள். தெலுங்கு பேசும் வீடுகளில் இதற்குத் 'தேனெ மஞ்சு' என்று பெயர். இலையில் அது விடும் பிசுபிசுப்பைப் பார்த்து வைத்தது. கன்னடத்தில் 'ஜிகி ஹுளு', குதிக்கிற புழு. பெயர் எதுவானாலும் மக்கள் ஒரே பூச்சியாகத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒன்றல்ல.

நம் மாமரங்களில் முக்கியமாக மூன்று இனங்கள் உண்டு. இறக்கை தொடங்கும் இடத்தில், முதுகில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்து அதைப் பாருங்கள். மூன்று புள்ளியும் இறக்கையில் குறுக்காக வெள்ளைப் பட்டையும் இருந்தால் இடியோஸ்கோபஸ் நிட்டிடுலஸ். சிறிய உடம்பு, உச்சந்தலையில் கரும்புள்ளி என்றால் இடியோஸ்கோபஸ் கிளைபியாலிஸ். இவை இரண்டும் பூவிலும் பூங்கொத்திலும் முட்டையிடுபவை. மூன்றில் பெரியது அம்ரிட்டோடஸ் அட்கின்சோனி. முக்கோணத்தில் இரண்டு புள்ளி. இது தளிரிலும் இலையிலும் முட்டையிடும். பூ இல்லாத காலத்தில் அடிமரப் பட்டையின் வெடிப்பில் ஒண்டிக்கிடக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பூ விரிந்த நேரத்தில் விஷத்தை அடிக்கிறோம். பூவுக்கு வரும் ஈயும் தேனீயும் சாகின்றன, காய்பிடிப்பு குறைகிறது. பட்டைக்குள் இருப்பதோ பிழைத்துக்கொள்கிறது. அட்கின்சோனி அதிகம் என்று தெரிந்தால் பூக்காத காலத்திலேயே அடிமரத்தில் பெவேரியா பூஞ்சணக் கரைசலைத் தெளிக்கலாம். உள்கிளைகளைக் கவாத்து செய்து வெயில் இறங்க விடலாம். நெருக்கமும் நிழலும் எல்லாத் தத்துப்பூச்சிக்கும் பிடித்தவை.

இன்னொரு குழப்பம் நெல்லில். புகையானும் தத்தும், ஆனால் அது தத்துப்பூச்சிக் குடும்பமே இல்லை. பின்னங்காலைப் பார்த்தால் போதும். தத்துப்பூச்சிக்கு வரிசையாக முள் இருக்கும். புகையானுக்குக் கால் நுனியில் அசையும் ஒற்றை முள்.

மாமரத்தின் இந்த மூன்றில் கிளைபியாலிஸுக்கும் அட்கின்சோனிக்கும் 1889-இல் லெதியெரி என்ற பூச்சியியலாளர் பெயர் வைத்தார். வெள்ளைப்பட்டைக்காரனுக்கும் அவர் நைவியோஸ்பார்சஸ் என்று ஒரு பெயர் வைத்திருந்தார். 1870-லேயே வாக்கர் என்பவர் அதற்கு நிட்டிடுலஸ் என்று வைத்துவிட்டது பிறகு தெரியவந்தது. முந்தின பெயருக்கே உரிமை என்பது விதி. பழைய புத்தகத்தில் ஒன்று, புதியதில் ஒன்று இருந்தால் மிரள வேண்டாம், இரண்டும் ஒரே பூச்சிதான்.

எல்லாவற்றையும் வெள்ளைக்காரர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஓசூரைத் தாண்டினால் வரும் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் சி.ஏ. விரக்தமட் தத்துப்பூச்சி வகைப்பாட்டுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். அவரும் எஸ். விரக்தமட்டும் சேர்ந்து தென்னிந்திய மாமரங்களில் பெருகும் புதிய இனங்களை 1985-இல் அறிவித்தார்கள். ஒன்று இடியோஸ்கோபஸ் அனசூயே. பெண் பெயரில் வைத்தால் கடைசியில் அப்படி 'ஏ' சேர்ப்பது லத்தீன் வழக்கம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாம் வளர்த்துவரும் மரத்தில்கூட நாற்பது வருஷத்துக்கு முன்வரை பெயரில்லாத பூச்சி இருந்திருக்கிறது!

புதியது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நிறத்தை மட்டும் நம்புவதில்லை. ஒரே இனத்திலேயே அது மாறும். ஆண் பூச்சியின் வயிற்றுப்பகுதியைக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் போட்டுச் சதையைக் கரைக்கிறார்கள். மிஞ்சும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஏற்கெனவே பெயர் வைத்தவற்றோடு ஒப்பிடுகிறார்கள். உலகில் இதுவரை பெயர் பெற்ற தத்துப்பூச்சிகள் 20,000-க்கும் மேல். பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாத வேலை. எதோடும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் புதுப்பெயர். அந்த ஒரு பூச்சியைச் சான்று மாதிரியாக ஊசியில் குத்திக் காலாகாலத்துக்கும் பாதுகாக்கிறார்கள்.

உங்கள் தோப்பில் பார்த்திராத தத்துப்பூச்சி தென்பட்டால் நசுக்கிவிடாதீர்கள். விடிகாலையில் குளிரில் அவை மந்தமாக இருக்கும். பூங்கொத்தின்மேல் பாலித்தீன் பையைக் கவிழ்த்து உலுக்குங்கள். பெண்ணை வைத்து இனம் சொல்வது கடினம், அதனால் பத்துப் பதினைந்தாவது பிடியுங்கள். சிறு புட்டியில் எழுபது சத ஆல்கஹாலில் போடுங்கள். ஊர், தேதி, மரத்தின் ரகம், பூவிலா பட்டையிலா என்பதைப் பென்சிலால் எழுதிச் சீட்டைப் புட்டிக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை கரைந்துவிடும். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கம்தான். அங்கே பூச்சியியல் தெரிந்தவர்களிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.