ரவுட்டர் வாங்குமுன் எந்தக் கரை என்று பாருங்கள்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலோரமான எழுவான்கரையில் நகரம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. மேற்கே படுவான்கரையில் வயல்களுக்கும் குளங்களுக்கும் நடுவே வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று ஊர்கள் சிதறியிருக்கின்றன. ஒரு கரைக்கு நல்ல வைஃபை ரவுட்டர் மற்றக் கரைக்கும் நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் அன்ரனாக்களின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு குறைப்படுகிறவர்களை நிறையக் காண்கிறோம். முதலில் பார்க்கவேண்டியது, இணையம் உங்கள் வளவுக்குள் எந்த வழியாக வருகிறது என்பதை.

ரவுட்டருக்கு இரண்டு வேலை. வெளியிலிருந்து வருகிற ஒற்றை இணைப்பை வாங்குவது ஒன்று. வீட்டிலுள்ள கைபேசி, மடிகணினி, ரி.வி. எல்லாவற்றுக்கும் அதைப் பங்கிடுவது மற்றது. எந்தச் சாதனம் என்ன கேட்டது என்று கணக்கு வைத்து, வந்த பதிலை அந்தச் சாதனத்துக்கே திருப்பிக் கொடுப்பதும் அதன் பொறுப்புத்தான். வைஃபை என்பது இரண்டாவது வேலையின் ஒரு பகுதி மட்டும். விளம்பரங்களோ அதைப் பற்றியே பேசுகின்றன. வெளியிலிருந்து விநாடிக்கு 20 மெகாபிட் வருகிற வீட்டில் எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரை வைத்தாலும் 21 ஆகாது.

ஃபைபர் கிடைக்கிற வீதியில் வீடு இருந்தால் வேலை எளிது. இணைப்புத் தருகிற நிறுவனமே ஒரு பெட்டியும் தரும். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுவதோடு வைஃபையும் அதற்குள்ளேயே இருக்கும். அதைச் சில நாள் பாவித்துப் பாருங்கள். பின்னறைக்கு எட்டவில்லை என்றால் அந்தப் பெட்டியை வீசத் தேவையில்லை. ஒரு லான் கேபிளை இழுத்து, பின்பக்கத்தில் வைஃபையை மட்டும் பரப்புகிற அக்சஸ் பொயின்ட் ஒன்றைப் பொருத்தினால் போதும். பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி என்றால் ஏ.டி.எஸ்.எல். வசதி உள்ள ரவுட்டர்தான் வேண்டும். நிலையத்திலிருந்து கம்பி நீள நீள வேகம் இறங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

படுவான்கரையில் பெரும்பாலும் இணையம் 4ஜி டவரிலிருந்து காற்றில் வருகிறது. அங்கே சிம் போடுகிற ரவுட்டர்தான் வழி. அதில் வீட்டை நோக்கிய வைஃபையைவிட டவரை நோக்கிய 4ஜி பகுதிதான் முக்கியம், இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். சமதளமான நீர்ப்பரப்பில் அலையை மறிக்கக் கட்டடமோ மரமோ இல்லை; அதனால் வாவிக்கு அந்தப் பக்கத்து டவர்கூடத் துலக்கமாகக் கிடைக்கலாம். ஆனால் நீர்ப்பரப்பு அலையைத் தெறிக்கவும் வைக்கும். நேரே வரும் அலையும் நீரில் பட்டு வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், அடுத்த இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். 1800 மெகாஹேட்ஸ் 4ஜி அலையின் நீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர்தான். ஆகவே ரவுட்டரைச் சாண் அளவு நகர்த்தினாலும், யன்னலில் சற்று உயர்த்தினாலும் சிக்னல் மாறுவதில் அதிசயமில்லை. தென்னையும் மாமரமும் டவருக்கு நேரே நின்றால் இலையிலுள்ள ஈரம் அலையைக் குடிக்கும். மழை நாளில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும்.

சிக்னலை மதிப்பிட, கைபேசித் திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், டவரிலிருந்து வருகிற சிக்னலின் வலுவைக் காட்டும் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 80க்கு அண்மையில் என்றால் நல்லது. மைனஸ் 100 என்றால் பலவீனம். மைனஸ் 110ஐத் தாண்டினால் இணையவழி வகுப்பு நடுவில் அறுந்துகொண்டே இருக்கும். இங்கே 10 எண் வித்தியாசம் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை மறக்கவேண்டாம். பலவீனமான இடத்தில் வெளி அன்ரனா கொழுவுகிற துளைகள் உள்ள ரவுட்டரையே தேடுங்கள். துளை இரண்டு இருக்கவேண்டும், ஏனென்றால் 4ஜி ஒரே நேரத்தில் இரண்டு அன்ரனாக்களால் பேசுகிறது. டவர்ப் பக்கம் திருப்பிய அன்ரனாவைக் கூரைக்கு மேலே கம்பத்தில் கட்டலாம். ஆனால் மெல்லிய கேபிளைப் பத்து மீற்றர் இழுத்தால் பிடித்த சிக்னலில் பெரும் பங்கு கேபிளுக்குள்ளேயே தொலைந்துவிடும். அன்ரனாவுக்கு அண்மையில் ரவுட்டரை வைத்து, அங்கிருந்து லான் கேபிளை வீட்டுக்குள் கொண்டுபோவதே என் தெரிவு.

கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ சொந்தக்காரர் அனுப்புகிற ரவுட்டர்களில் ஒரு சிக்கல் உண்டு. வட அமெரிக்காவுக்கென்று செய்த சிலவற்றில் இலங்கை வலையமைப்புகள் பாவிக்கிற 1800 அல்லது 2300 மெகாஹேட்ஸ் அலைவரிசை இல்லை. சிம் போடுகிற சாதனத்தின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். உள்ளூர்க் கடையில் வாங்கினாலும், ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2025இல் செய்மதி வழியாக இணையம் தருகிற ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியபின் டவர் எட்டாத ஊருக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. அதற்கு மறைப்பில்லாத வானம் வேண்டும். தோப்புக்குள் உள்ள வீட்டுக்கு அதுவும் சுலபமில்லை, செலவும் கூட.

இனி வீட்டுக்குள் வருவோம். இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹேட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. ஒரே தூரத்தில் ஒரே வலுவோடு அனுப்பினாலும் 5 கிகாஹேட்ஸ் சிக்னல் மற்றதன் கால்வாசி அளவிலேயே வந்து சேரும். செங்கல், சீமெந்துச் சுவர்கள் அதை மேலும் தடுக்கும். பெரிய வளவில் குசினி தனியாக, கிணற்றடி தூரமாக உள்ள படுவான்கரை வீட்டுக்கு 2.4 தான் கைகொடுக்கும். அக்கம்பக்கத்துச் சிக்னல் குறைவு என்பதால் அங்கே அதற்கு நெரிசலும் இல்லை.

காத்தான்குடியில் நிலைமை தலைகீழ். மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். விறாந்தையில் நின்று தேடினால் திரை நிறைய அயலவர் வைஃபைப் பெயர்கள். 2.4 கிகாஹேட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே உண்டு. எல்லோரும் அந்த மூன்றுக்குள் நெரிபடும்போது சிக்னல் முழுதாகத் தெரிந்தும் காணொளி சுற்றிக்கொண்டு நிற்கும். இங்கே 5 கிகாஹேட்ஸின் குறையே நன்மையாகிறது. உங்கள் சிக்னலைத் தடுக்கிற சுவர்தான் அயல்வீட்டுச் சிக்னலையும் வெளியே நிறுத்துகிறது. பாவிக்கத் தடங்களும் அதிகம். நெரிசலான ஊரில் இரண்டு அலைவரிசையும் உள்ள ரவுட்டரை மட்டுமே வாங்குங்கள். நாலைந்து பேர் ஒன்றாகப் பாவிக்கிற வீடென்றால் வைஃபை 6 வகை ரவுட்டர் நல்லது.

சுவரில் பட்டுத் தெறிக்கும் எதிரொலிகளைச் சமாளிப்பதுதான் வைஃபையின் பழைய தலைவலி. அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் வானொலி வானியலாளர் ஜோன் ஓ'சல்லிவனும் தோழர்களும் 1990களில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர் முன்பு கருந்துளைகள் வெடிக்கும்போது எழக்கூடிய நலிந்த வானொலித் துடிப்பைத் தேடியவர். அந்தத் தேடலுக்குப் பயின்ற கணிதம் வீட்டுச் சுவர்களுக்குள் உதவியது. துடிப்பு அகப்படவில்லை. அந்த அறிவு இன்று கோடிக்கணக்கான வீடுகளில் வேலை செய்வது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது.

பெட்டியில் 1200 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 2.4இன் 300ஐயும் 5இன் 867ஐயும் கூட்டி முழுமைப்படுத்திய எண். ஒரு கைபேசி ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணைந்திருக்கும். இத்தகைய மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் லான் துளை 100 மெகாபிட் மட்டுமே. வேகமான ஃபைபர் எடுத்தவருக்கு அங்கேயே கழுத்து நெரியும். வாங்குமுன் அதைக் கேளுங்கள். டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அடியில் ஒட்டிய கடவுச்சொல்லை முதல்நாளே மாற்றிவிடுங்கள்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமின்னல் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. செப்புக் கம்பியும் கூரை அன்ரனாவும் மின்னலை நேரே ரவுட்டருக்குள் கொண்டுவரும். இடிமின்னல் நெருங்குமுன்பே மின்பிளக்கோடு தொலைபேசிக் கம்பியையும் அன்ரனாக் கேபிளையும் சேர்த்துக் கழற்றவேண்டும். பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது.

மின்வெட்டு இன்னொன்று. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை இருண்டதையும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டதையும் யாரும் மறக்கவில்லை. பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ற்றில் இயங்குவதால் மினி யு.பி.எஸ். ஒன்றை நேரே கொழுவலாம். அதற்குள் இருப்பது 3.7 வோல்ற், 8,800 மில்லியம்பியர் மணி மின்கலம் என்றால் ஏறத்தாழ 32 வாற்று மணி. 10 வாற்று ரவுட்டரை மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட ஓட்டும். வாங்குமுன் ரவுட்டரின் அடாப்டரில் எழுதிய வோல்ற், அம்பியர் இரண்டையும் ஒத்துப் பாருங்கள். மின்வெட்டு நீண்டால் டவரின் மின்கலமும் இறங்கிவிடும். அப்போது உங்கள் ரவுட்டர் விளக்கு எரிந்தாலும் 4ஜி வராது. மறுமுனை நிலையத்தில் ஜெனரேற்றர் ஓடும்வரை ஃபைபர் தாக்குப்பிடிக்கும்.