ஆகாயத்தில் ஒரு பெர்த்

மூன்றடுக்கு ஸ்லீப்பர் பெட்டியில் ஊருக்குப் போகிறவருக்குக்கூடக் காலை நீட்டிப் படுக்க ஒரு பெர்த் உண்டு. நடு பெர்த்தை மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் தலை நிமிர முடியாது. அது வேறு சங்கதி. விமானத்தில் பல மடங்கு பணம் கொடுத்து 'பிஸினஸ்' வகுப்பில் போகிறவருக்கோ வெகு காலம் சாய்வு நாற்காலிதான். அந்த வகுப்பில் முழுதும் தட்டையாக விரியும் ஆசனத்தை 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டு வந்த பிறகே மற்றக் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 2017-ல் கத்தார் ஏர்வேஸ் கதவே வைத்துவிட்டது.

விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது மெத்தையை அல்ல, வரிசையை. குறுக்கே இரண்டு-இரண்டு-இரண்டு என்றால், ஜன்னலோரத்துக்காரர் நள்ளிரவில் எழுந்தால் பக்கத்தில் தூங்குகிறவரின் காலைத் தாண்ட வேண்டும். ஒன்று-இரண்டு-ஒன்று என்றால் எல்லோரும் நேரே நடைவழியில் இறங்கலாம். ஏர் இந்தியாவின் பழைய போயிங் 787 விமானங்கள் முதல் ரகமாக வந்தவை. 2024-ல் பறக்கத் தொடங்கிய ஏர்பஸ் ஏ350 இரண்டாவது ரகம். டிக்கெட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். எந்த விமானம் என்று கேட்டு வாங்குகிறவர் பிழைத்தார்.

ஆசனத்தை மாற்ற ஏன் இத்தனை தாமதம்? மோதலில் அது புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். பொம்மையை உட்கார வைத்து, தலை எதில் இடிக்கிறது என்று அளக்கிறார்கள். கதவு, திரை என்று கூடக்கூடச் சோதனையும் கூடுகிறது. 2025-ல் லுஃப்தான்சாவுக்குப் புத்தம் புதிய போயிங் 787-9 வந்தபோது, பிஸினஸ் வகுப்பின் 28 ஆசனங்களில் 4-ல்தான் ஆளை உட்கார வைக்க அனுமதி கிடைத்திருந்தது. மற்ற 24-ம் காலியாகவே பறந்தன.