பார வண்டியா? குடும்ப வண்டியா?

அமெரிக்காவில் 1977 முதல் பல்லாண்டுகளாக விற்பனையில் முதலிடம் வகித்துவரும் பிக்கப் வகை, ஃபோர்டு நிறுவனத்தின் 'எஃப்' வரிசையாகும். பாரம் ஏற்றுவதற்கென உருவான அவ்வண்டி, நாளடைவில் இல்லத்து வண்டியாகவும் மாறிற்று. ஆயினும் பிள்ளைகள் பெருகிய இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது: நாம் நாள்தோறும் ஏற்றிச் செல்வது செங்கல்லையா, குழந்தைகளையா?

நான்கு கதவுகள் கொண்ட எஃப்-150 ஏறத்தாழ 19 அடி நீளமுடையது. டொயோட்டா ஹைலேண்டர் என்னும் நடுத்தர எஸ்.யூ.வி.யோ 16 அடியைச் சற்றே தாண்டும். எனினும் அதில் மூன்று வரிசை இருக்கைகள் உள்ளன. பிக்கப்பின் உடல் தனிச் சட்டத்தின்மீது அமர்ந்தது. பாரத்தைத் தாங்கும், வெறுமையாய் ஓடுகையில் குலுக்கும். நடுத்தர வண்டியில் உடலும் சட்டமும் ஒன்றே. ஆதலால் குலுக்கல் குறைகின்றது. எடை குறைவதால் எரிபொருளும் மிச்சமாகின்றது. அனைத்தினும் மேலாக, உயர்ந்த முகப்பின் முன்னே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணில் படாமற்போகும் அபாயம், முகப்பு தாழத் தாழக் குறைகின்றது.

இழப்பும் உண்டு. ஹைலேண்டர் இழுக்கும் பாரம் 5,000 பவுண்டு வரையே; தக்க பொறியமைப்புள்ள எஃப்-150 அதனினும் இருமடங்கு இழுக்கவல்லது. மண்ணோ மரமோ ஏற்ற வேண்டிய நாளில் வாடகை வண்டி தேட நேரும். ஆனால், ஆண்டில் இரு நாள் தேவைக்காக எஞ்சிய 363 நாளும் வெற்றுத் தொட்டியைச் சுமந்து திரிவது முறையா? வாசக அன்பர்களே, சிந்தியுங்கள். வண்டியை இல்லத்தின் தேவை தீர்மானிக்கட்டும்; அண்டை அயலார் பார்வை தீர்மானிக்க வேண்டாம்.