கோழி, ஆடு, தையல் இயந்திரம்: பூவேலை வகுப்புகளோடு வடக்கின் வீதிகளில்

2009க்குப் பின்னர் மீள்குடியேறியவர்களுக்கு வாழ்வாதார உதவியாக என்ன கிடைத்தது என்று வன்னியில் யாரிடம் கேட்டாலும் ஒரே மூச்சில் மூன்றைச் சொல்வார்கள்: கோழி, ஆடு, தையல் இயந்திரம். கோழிக்கும் ஆட்டுக்கும் என்ன நடந்தது என்பது வேறு கதை. தையல் இயந்திரங்களில் பல இன்னமும் வீடுகளில் இருக்கின்றன. விறாந்தை மூலையில், பழைய சேலைத் துண்டால் மூடப்பட்டு, மேலே பிள்ளைகளின் கொப்பிகளைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. ஆயத்த உடுப்புகள் சந்தைக்குச் சந்தை மலிவாகக் குவிந்திருக்கும்போது யார் சட்டை தைக்கத் துணி கொண்டுவரப் போகிறார்கள்?

அந்தச் சேலைத் துண்டை விலக்க வைப்பதுதான் சில வருடங்களாக என் வேலை. சாதாரண கால்மிதி இயந்திரத்தில் பூவேலை செய்வதற்கு, அதாவது மெசின் எம்பிரொய்டரிக்கு, இரண்டு மூன்று நாள் வகுப்புகள் நடத்துகிறேன். முன்பள்ளிக் கட்டடம், பொதுநோக்கு மண்டபம், தேவாலய விறாந்தை என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. எட்டுப் பேர், பத்துப் பேர் வருவார்கள். இயந்திரம் ஊரிலுள்ளது. வளையங்கள், ஊசிகள், நூல்கள் மட்டும் என் பனையோலைப் பையில் பஸ்ஸில் வரும்.

ஒழுங்குசெய்கிறவர்களோடு எனக்கு எப்போதும் ஒரு சிறு இழுபறி உண்டு. அவர்களுடைய படிவத்தில் “பயிற்சியின் பின் மாத வருமானம் எவ்வளவால் அதிகரிக்கும்?” என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் அது பொய்தான். கையால் வளையத்தை நகர்த்திச் செய்கிற ஒரு சோடித் தலையணை உறைக்கு ஆறுதலாகச் செய்தால் இரண்டு நாள் போகும். பாடசாலைச் சின்னமா, கணினி எம்பிரொய்டரி இயந்திரம் அதைச் சில நிமிடங்களில் அடித்துத் தள்ளிவிடும். மணப்பெண் சட்டைக்கு இப்போது எல்லோரும் ஆரி வேலையைத்தான் கேட்கிறார்கள். சிலர் குழந்தை விரிப்பு, சேலைக் கரை என்று செய்து விற்கிறார்கள், அதில் எனக்குச் சந்தோசம். ஆனால் என் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விற்பதற்காக வருவதில்லை. “இது விக்கிறதுக்கு இல்லை அக்கா, எனக்குத்தான்” என்று புதுக்குடியிருப்பில் ஒருவர் சொன்னார். அதைச் சொல்லும்போது ஏதோ களவு செய்தவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். போருக்குப் பின்னர் எம்மவர்கள் பொழுதுபோக்கு என்ற சொல்லையே கூச்சத்தோடுதான் சொல்கிறார்கள்.

முதலில் இந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். உடுப்புத் தைக்கும்போது இயந்திரத்தின் பாதம் துணியை அழுத்திப் பிடிக்கிறது, அடியிலுள்ள பல் துணியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆகவே தையல் நேராக மட்டுமே போகும். பூவேலைக்குப் பாதத்தைக் கழற்றிவிட வேண்டும், பல்லின் வேலையை நிறுத்த வேண்டும். அதன்பின் துணி எந்தத் திசைக்கும் போகும். நீங்கள் தாளில் எழுதும்போது பேனா நகர்கிறது. இங்கே பேனா ஓரிடத்தில் நிற்க, நீங்கள் தாளை நகர்த்துகிறீர்கள். இவ்வளவுதான் தத்துவம்.

சில பழைய இயந்திரங்களில் பல்லைக் கீழிறக்க ஒரு திருகாணி இருக்கும். இல்லாவிட்டால் தையல் நீளத்தைப் பூச்சியத்தில் வைத்து, பல்லின் மேல் வழவழப்பான ஒரு தகட்டை ஒட்டிவிடலாம். நான் பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் ஊசி போகத் துளையிட்டு ஒட்டச் சொல்வேன். எமது வீடுகளில் எக்ஸ்ரே படங்களுக்குப் பஞ்சமில்லை.

துணியை வளையத்தில் பூட்டுவது கைத்தையலுக்கு நேர்மாறு. பெரிய வளையத்தை மேசையில் வைத்து, அதன்மேல் துணியின் நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, சின்ன வளையத்தை உள்ளே அழுத்த வேண்டும். அப்போதுதான் துணி கீழே, இயந்திரத் தளத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும். தட்டினால் பறைமேளத்தோல் போலச் சத்தம் வர வேண்டும். சின்ன வளையத்தைச் சுற்றிப் பருத்தி நாடா சுற்றிவிட்டால் துணி வழுக்காது. ஆரம்பத்துக்கு ஆறு அங்குல வளையமும், பொப்ளின் துணியும், 14ஆம் இலக்க ஊசியும் போதும். கை பழகியபின் மெல்லிய துணிக்கு 11ஆம் இலக்க ஊசிக்குப் போகலாம். மேல்நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் அடிநூல் பூவின் மேலே புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. பாதம்தான் இல்லையே என்று பாதத்தை இறக்கும் நெம்பை மறந்துவிடுவார்கள். அது மேலே இருந்தால் மேல்நூலுக்கு இறுக்கமே இருக்காது, துணியின் அடியில் நூல் குருவிக்கூடு கட்டிவிடும். இயந்திரம் பழுதென்று மூடி வைக்கப்பட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த நெம்பைத் தவிர வேறு நோய் இருந்ததில்லை.

முதல் நாள் ஊசி முறியும் நாள். “டீச்சர், முறிஞ்சு போச்சு” என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் கேட்கும். ஊசி துணிக்குள் இருக்கும்போது கை இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் அடிக்கும். கால் வேகமாகவும் கை மெதுவாகவும் போக வேண்டும். பயந்தவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள். இதை விளக்கத்தால் திருத்த முடியாது. ஒரு மணித்தியாலம் வெறும் சுழிகளைப் போட்டுக்கொண்டே இருந்தால் காலும் கையும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும்.

வடக்கில் கற்பிக்கிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பூவேலைக்கு இரண்டு கைகளும் வளையத்தில் இருக்க வேண்டும் என்பதால் கையால் சுற்றும் இயந்திரம் இதற்கு உதவாது. ஒரு காலை இழந்தவர்கள் மற்றக் காலால் மிதியை நன்றாகவே ஓட்டுகிறார்கள். தொடக்கத்தில் சில்லைக் கையால் தட்டிவிட்டு ஓட்டத்தைப் பிடிக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கால்களும் இல்லாதவருக்கு மோட்டர் வேண்டும், அதன் மிதியை முழங்காலால் அழுத்தும்படி பொருத்த வேண்டும். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. பழைய சிங்கர் மின்சார இயந்திரங்கள் சிலவற்றில் முழங்காலால் அழுத்தும் நெம்பு இருந்தது. முழங்காலும் இல்லாதவர்கள் வந்தால் அந்த இடத்தில் இருந்துதான் யோசிக்க வேண்டும். எந்தக் கையேட்டிலும் அது இல்லை.

இந்தக் கலை உதவித் திட்டங்களோடு எம்மிடம் வந்ததும் அல்ல. 1824இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் ஊசி வேலை ஒரு பாடம். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் தைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோதும் கால்மிதி இயந்திரம் நிற்கவில்லை. முள்ளிவாய்க்கால் வரை இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனவர்களைச் சந்தித்திருக்கிறேன். இரும்புக் காலை விட்டுவிட்டு, தலையை இடப்பெயர்வுக்கு இடப்பெயர்வு தூக்கி, கடைசியில் அதையும் ஒரு பங்கருக்குள் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குப் பிறகு நிவாரணமாக ஒரு புது இயந்திரம் கிடைத்தது. ஆனால் அவர்கள் இன்னமும் பேசுவது அந்தப் பழைய தலையைப் பற்றித்தான்.

பஸ்ஸில் என் பைக்குள்ளிருந்து வளையங்கள் எட்டிப் பார்க்கும். அதுதான் எங்கள் அடையாள அட்டை. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஒருமுறை பக்கத்து இருக்கையிலிருந்தவர் வளையத்தைத் தொட்டுப் பார்த்து, “நாடா சுத்தியிருக்கிறியள், மெசினுக்குத்தானே?” என்று கேட்டார். இறங்கும் வரை நூலைப் பற்றியே பேசினோம். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மன்னாரில் ஒரு முதிய தையற்காரர் தேவாலயப் பீடத் துணிகளுக்குத் திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும் போடுகிறார். அதற்குக் கூலி வாங்குவதில்லை. மாதிரியை எப்படித் துணிக்கு மாற்றுகிறீர்கள் ஐயா என்று கேட்டேன். “கார்பன் தாள் வைச்சால் துணி அழுக்காகும் பிள்ளை” என்றவர், மெல்லிய தாளில் கோட்டை வரைந்து, கோடு முழுவதும் ஊசியால் குத்தி, நீலப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தடவிக் காட்டினார். தாளைத் தூக்கியபோது துணியில் புள்ளிகளாகக் கொடி படர்ந்திருந்தது. ஒரு தாளை நூறு முறை பாவிக்கலாம். அந்த வித்தை இப்போது என் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறது.

அதே மாவட்டத்தில், முசலிப் பக்கம் நடந்த ஒரு வகுப்புக்கு 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு முஸ்லிம் பெண் வந்திருந்தார். எல்லோரும் அவரை ராத்தா என்றே அழைத்தார்கள். இளம் வயதில் மெசின் எம்பிரொய்டரி பழகியவர். புறப்படும்போது இயந்திரத்தையும் மாதிரித் தாள்களையும் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. புத்தளம் முகாமில் பல வருடங்கள். வளையத்தைக் கையில் கொடுத்ததும் எதையும் வரையாமல் நேரடியாக ஒரு ரோஜாவைப் போட்டார். மூன்று இலை, ஒரு மொட்டு, தண்டில் இரண்டு முள். பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண் தன் பழைய கொப்பியைத் திறந்து காட்டினார். அதே மூன்று இலை, அதே மொட்டு, அதே இரண்டு முள். அந்தக் காலத்துத் தையல் வகுப்புகளில் ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்த ரோஜா அது. ராத்தா கொப்பியை வாங்கி நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். 1990ஐப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொப்பியைப் பார்ப்பதற்கே முப்பது வருடங்களுக்கு மேல் எடுத்திருக்கிறது என்பதையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் ஒரு பெயரைத் தைக்கச் சொல்வேன். வளைவும் நேர்கோடும் மாறிமாறி வருவதால் தமிழ் எழுத்துகளைவிட நல்ல பயிற்சி இல்லை. யாருடைய பெயர் என்று நான் சொல்வதுமில்லை, கேட்பதுமில்லை. கிளிநொச்சியில் ஒரு தாய் மகனின் பெயரைத் தைத்து, கடைசி எழுத்துக் கோணலானதென்று பிரித்தார். மறுபடி தைத்தார், மறுபடி பிரித்தார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அவரும் இருந்தவர். படத்தோடு கொண்டுபோகும் லேஞ்சியில் பெயர் வேண்டுமென்றார். சிலி நாட்டில் 1973 இராணுவப் புரட்சிக்குப் பின் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் சாக்குத் துணியில் கந்தல்களை வைத்துத் தைத்துத் தம் கதையைச் சொன்னதையும், அந்தத் துணிகள் வெளிநாடுகளுக்குப் போனதையும் அவருக்குச் சொன்னேன். தையலை நிறுத்தாமலே கேட்டார்: “அவையின்ர பிள்ளையள் கிடைச்சவையோ?” பெரும்பாலானவர்கள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனார்.

வகுப்பு முடிந்து ஆறு மாதத்தில் போய்ப் பார்த்தால் தொடர்ந்து செய்கிறவர்கள் யார் என்பதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அயலில் இன்னொருவர் செய்கிற இடத்தில் இருவரும் தொடர்கிறார்கள், தனித்து விடப்பட்டவர் நிறுத்திவிடுகிறார். நுண்கடன் வாராவாரம் கட்டுகிற வீடுகளில் வேறு சிக்கல். கடன் அறவிடுபவர் வருகிற நாளில் வகுப்பு பாதியாகிவிடும். இயந்திரத்தையே விற்றுத் தவணை கட்டியவர்களும் உண்டு.

ஆகவே உதவி செய்ய விரும்பும் புலம்பெயர் உறவுகள் கேட்கும்போது, இன்னும் இயந்திரம் அனுப்ப வேண்டாம் என்றே சொல்கிறேன். இருக்கிற இயந்திரங்களைத் திருத்த ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்தால் போதும். ஊசி, நல்ல நூல், பஸ் காசு, கூடியிருக்க ஒரு கூரை. இவை படம் எடுத்துப் போடுவதற்கு அழகாக இருக்காது என்பது எனக்கும் தெரியும்.

நாங்கள் சிலர் இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை மாங்குளத்தில் ஒருவரின் வீட்டில் கூடுகிறோம். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற இடம் என்பதால் பலருக்கு ஒரே பஸ். பதிவுப் புத்தகம் இல்லை, தலைவர் செயலாளர் இல்லை. அவரவர் மாதிரித் தாளைக் கொண்டுவருவார்கள், மற்றவர்கள் குத்திப் படியெடுப்பார்கள். வீட்டுக்காரர் தேத்தண்ணியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தருவார். அடுத்த மாதம் ராத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு வந்து பஸ் மாற வேண்டும். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்கு முன் வந்துவிடலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.